டாங்கியிலிருந்து மொட்டை மாடிக்கு

807 வால்வைக் கையில் எடுத்ததும் கண்ணில் படுவது அதன் உச்சியில் இருக்கும் சின்ன உலோகக் குமிழ். உயரம் ஒரு சாணுக்கும் குறைவு. அடியில் ஐந்து கால்கள். கண்ணாடிக் கூட்டுக்குள் கரிய தகட்டுப் பெட்டி ஒன்று நிற்கிறது; அதன் விளிம்பில் கண்ணை வைத்துப் பார்த்தால் மெல்லிய கம்பிச் சுருள்கள் தெரியும். கண்ணாடியின் உட்பக்கத்தில் ஓரிடத்தில் வெள்ளி பூசினாற்போல் மின்னும். அது அழகுக்குப் பூசியது அல்ல. காற்றை உறிஞ்சி எடுத்து மூடிய பிறகும் உள்ளே மிஞ்சுகிற வாயுவையும், பின்னால் உலோகங்களிலிருந்து கசிகிற வாயுவையும் பிடித்துக்கொள்ள உள்ளேயே ஆவியாக்கிப் படியவைத்த பேரியம். ‘கெட்டர்’ என்பார்கள். கண்ணாடியில் மயிரிழை விரிசல் விழுந்து காற்று புகுந்துவிட்டால் அந்த வெள்ளி வெளுத்துப் பால் நிறமாகிவிடும். பழைய வால்வு வாங்கத் தெரிந்தவர் மீட்டரை எடுக்கும் முன் அந்த இடத்தைத்தான் பார்ப்பார்.

என்னிடம் இருக்கும் 807-இன் கண்ணாடியில் 807 என்ற எண் இல்லை. ‘ஏடிஎஸ் 25’ என்று மங்கலாக அச்சடித்திருக்கிறது. பக்கத்தில் ஓர் அம்புக்குறி. பிரிட்டிஷ் ராணுவச் சொத்து என்பதற்கான அடையாளம் அந்த அம்பு. 807-க்கு அந்த ராணுவம் வைத்த பெயர் ஏடிஎஸ் 25. அமெரிக்க ராணுவம் வைத்த பெயர் விடி 100. யுத்தத்துக்காகப் பெயர் மாறிய இந்த வால்வு இன்று ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே, கம்பெனி பஸ்கள் ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் ஏற்றிப்போகும் சாலையை ஒட்டிய வாடகை வீட்டின் மொட்டை மாடி அறையில், ஒரு சின்ன அமெச்சூர் டிரான்ஸ்மிட்டரில் எரிகிறது. இந்தச் சாலையில் ஒரு நாளைக்கு உருவாகும் ரேடியோக்களை எண்ணி மாளாது. ஆனால் ஒரு ரேடியோ எப்படிப் பேசுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் இங்கே மிகக் குறைவு. இந்த வால்வு அதைக் காட்டும். அதனால்தான் அது இங்கே வந்து சேர்ந்த வழியை எழுத நினைத்தேன்.

வால்வு என்பதே ஒரு கதவுதான். உள்ளே ஹீட்டர் சூடேற்ற, காத்தோடு என்ற குழாயின் மேல் பூசிய பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடுகளிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறும். சுற்றி நிற்கும் பிளேட்டுக்கு நானூறு வோல்ட் நேர்மின்சாரம் கொடுத்தால் அவை வெற்றிடத்தைக் கடந்து அங்கே ஓடும். நடுவில் நிற்கும் கம்பிச் சுருளான கிரிட்டுக்குச் சில வோல்ட் கூட்டிக் குறைத்தாலே அந்த ஓட்டம் பெருகும், அடங்கும். ஜான் ஆம்புரோஸ் பிளெமிங் 1904-இல் இரண்டு முனை வால்வைச் செய்தார். இரண்டு ஆண்டு கழித்து லீ டி பாரஸ்ட் நடுவில் கிரிட்டைச் சேர்த்தார். வானொலி அந்தக் கம்பிச் சுருளில்தான் தொடங்குகிறது.

1930-களில் இங்கிலாந்தின் இஎம்ஐ ஆய்வுக்கூடத்தில் கேபட் புல், சிட்னி ரோடா இருவரும் எலக்ட்ரான்களைக் கற்றையாகக் குவித்து அனுப்பும் வழி ஒன்றைக் கண்டார்கள். அதை வைத்து அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் 1936-இல் 6எல்6 என்ற வால்வை வெளியிட்டது. மேடை ஒலிபெருக்கிகளுக்கும் கிடார் ஆம்பிளிபயர்களுக்கும் இன்றைக்கும் பிரியமான வால்வு அது. அதன் குடும்பத்தில் அடுத்துப் பிறந்ததுதான் 807. உட்கூறுகள் ஏறக்குறைய அதேதான். பிளேட்டின் இணைப்பை மட்டும் அடியிலிருந்து பிரித்து உச்சிக்குக் கொண்டுபோனார்கள். காரணம் எளிது. வினாடிக்குக் கோடிக்கணக்கான முறை மாறும் மின்னோட்டம் வெளியே வரும் கம்பியும் உள்ளே போகும் கம்பியும் அருகருகே இருந்தால், வெளியே போனது திரும்பி உள்ளே புகுந்து வால்வு தானாக ஊளையிடத் தொடங்கிவிடும். உச்சியில் இருக்கும் குமிழ் அந்தப் பகையைப் பிரித்து வைக்கிறது.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் 807-க்கு வேலை கூடியது. பிரிட்டிஷ் டாங்கிகளுக்காக கேம்பிரிட்ஜின் பை நிறுவனம் வடிவமைத்த ‘வயர்லெஸ் செட் நம்பர் 19’ என்ற பெட்டியின் கடைசிப் படியில், அலையை ஏரியலுக்குத் தள்ளும் இடத்தில், ஒரு 807 நின்றது. கனடாவிலும் இந்தப் பெட்டிகளைச் செய்தார்கள். சோவியத் நாட்டுக்கும் அனுப்பியதால் சில பெட்டிகளின் முகப்பில் ஆங்கிலமும் ரஷ்யனும் சேர்ந்தே இருக்கும். டாங்கி குலுங்கும், குண்டு அதிரும், பாலைவனச் சூடு ஏறும். அதில் தாக்குப்பிடித்த வால்வுக்கு மொட்டை மாடியின் வைகாசி வெயில் பெரிதல்ல.

ஒரு தற்செயல், ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்களான எங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். நம்பர் 19 செட்டின் பிந்தைய வடிவங்கள் 2 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரை பேசும். ஹாம்களின் 40 மீட்டர் அலைவரிசையான 7 மெகாஹெர்ட்ஸ் அதற்குள்ளேயே அடங்கிவிட்டது. போர் முடிந்ததும் ராணுவம் வேண்டாம் என்று கழித்ததை ஹாம்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள்.

கழித்த யுத்தச் சாமானிலிருந்து வானொலி முளைப்பது நம் பக்கத்தில் புதிதல்ல. கொழும்பில் தந்தித் துறைத் தலைமைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் 1923-இல் முதல் ஒலிபரப்புச் சோதனையை நடத்தியபோது, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் ரேடியோக் கருவிகளைப் பிரித்தே டிரான்ஸ்மிட்டரைக் கட்டினார்கள். 1925 டிசம்பர் 16 அன்று அது முறையான நிலையமாகத் தொடங்கியது. பின்னாளில் தமிழ்நாட்டு வீடுகளில் காலையும் மாலையும் ஒலித்த இலங்கை வானொலியின் வேர் அந்த நீர்மூழ்கிப் பெட்டி.

சென்னையின் கதை அதைவிட நெருக்கமானது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்ற பொறியாளர், வானொலி ஆர்வம் கொண்ட சிலரைச் சேர்த்து 1924 மே 16 அன்று மதராஸ் மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். அரசாங்கம் வரவில்லை, கம்பெனி வரவில்லை. ஆர்வலர்களே ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். டிரான்ஸ்மிட்டரின் சக்தி 40 வாட். இன்று ஒரு ஹாலில் தொங்கும் மின்விசிறி இழுக்கும் சக்தியைவிடக் குறைவு. அதில் ஒரு நகரம் பாட்டுக் கேட்டது. பிறகு அதை 200 வாட்டாக உயர்த்தினார்கள். பணம் போதாமல் 1927 அக்டோபரில் கிளப் நிறுத்திக்கொண்டது. டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டது. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ரிப்பன் மாளிகையிலிருந்து ஒலிபரப்பியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வரும்வரை அது ஓடியது. அமெச்சூர்கள் கட்டிய கருவியைப் பின்னால் ஊரே தன் உடைமையாக எடுத்துக்கொண்டது. இந்திய வானொலி வரலாற்றை டெல்லியிலிருந்தும் பம்பாயிலிருந்தும் தொடங்கி எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். அது ஒரு வரிக்குள் அடங்கக்கூடிய விஷயமல்ல.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் அரசு அமெச்சூர்களின் வாயைக் கட்டியது. டிரான்ஸ்மிட்டர்களைப் போலீசிடம் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பம்பாயில் நரிமன் பிரின்டர் என்ற ஹாம் ஒப்படைக்காமல் பாகங்களாகக் காப்பாற்றிவைத்தார். 1942 ஆகஸ்டில் உஷா மேத்தாவும் தோழர்களும் நடத்திய ரகசியக் காங்கிரஸ் வானொலிக்கு அவர் கைத்திறன் பயன்பட்டது. இடம் மாற்றி இடம் மாற்றிப் பேசிய அந்த நிலையத்தை நவம்பர் 12 அன்று போலீஸ் பிடித்தது. வீட்டில் கட்டக்கூடிய டிரான்ஸ்மிட்டருக்கு அரசாங்கங்கள் ஏன் அஞ்சுகின்றன, ஏன் இன்றும் லைசென்ஸ் கேட்கின்றன என்பதற்கு அந்தச் சில மாதங்கள் போதும்.

போருக்குப் பின் ‘மிலிட்டரி டிஸ்போசல்’ என்ற சொல் நம் நகரங்களில் ஒரு தனி வியாபாரமாகவே ஆனது. பாராசூட் துணி, தண்ணீர்க் குடுவை, பூட்ஸ், மின் மோட்டார் வரிசையில் ரேடியோப் பெட்டிகளும் வந்தன. சென்னையில் பழைய சாமானுக்கு மூர் மார்க்கெட். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில், ரிப்பன் மாளிகையை ஒட்டி நின்ற சிவப்புக் கட்டடம். மாநகராட்சி ஒலிபரப்பு நடந்த மாளிகைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் பிற்காலத்து ஆர்வலர்கள் காயிலும் கண்டன்சரும் தேடித் திரிந்தார்கள். 1985 மே 30 அன்று அந்த மார்க்கெட் எரிந்தது. பழைய புத்தகங்களுக்காக அழுதவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அதே தீயில் கருகிய ரேடியோச் சாமான்களுக்காக அழுதவர்களும் உண்டு. பிறகு அந்த வேட்டை முழுக்க ரிச்சி தெருவுக்கு இடம் மாறியது.

டிஸ்போசலில் வந்த 807-கள் ஐம்பது, அறுபதுகளில் இந்திய ஹாம்களின் வீட்டுக் கருவிகளுக்கு முதுகெலும்பாக இருந்தன. ஒரு 807 அலையை உண்டாக்கி அனுப்பும்; இன்னும் இரண்டு 807-கள் குரலைப் பெருக்கி அதன் மேல் ஏற்றும். இரும்புப் பெட்டி, ஒரு ஆள் தூக்கமுடியாத டிரான்ஸ்பார்மர், முன்னால் அம்மீட்டர். வெளிநாட்டுக் கருவி இறக்குமதி செய்ய அப்போது வழியுமில்லை, வசதியுமில்லை. செய்யத் தெரிந்தவர் பேசினார், அவ்வளவுதான். வால்வுக் கருவியை மலிவாகச் செய்துவிடலாம் என்ற நம்பிக்கை நம் மண்ணில் முன்பே இருந்தது. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-லேயே அறிவித்தவர்.

பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-இல் ரிசீவிங் வால்வுகளைச் செய்யத் தொடங்கியது. மறு ஆண்டே ஜெர்மானியம் டிரான்சிஸ்டரும் அங்கே உருவானது. பிறந்த வீட்டிலேயே வாரிசும் வந்துவிட்டது. வீட்டு அலமாரிகளில் துணி உறை போட்டு வைத்திருந்த மர்பி, பிலிப்ஸ், புஷ் ரேடியோக்கள் மெல்ல மெல்லப் பரணுக்கும், பரணிலிருந்து எடைக்கும் போயின. மரப்பெட்டி விறகானது. அதன் உள்ளே இருந்த கேங் கண்டன்சர், பவர் டிரான்ஸ்பார்மர், வால்வு சாக்கெட் ஆகிய மூன்றையும் எடைக்கடையிலிருந்து மீட்டுவைத்த மெக்கானிக்குகளுக்கு இன்று வால்வு செட் கட்டுகிற எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

ஸ்ரீபெரும்புதூரில் ஹாம் ரேடியோ பற்றிப் பேசும்போது ஒரு பெயரைத் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. 1991 மே 21 இரவு இங்கே கொல்லப்பட்ட ராஜீவ் காந்தி ஒரு ஹாம். அவருடைய அழைப்புக் குறி வியு2ஆர்ஜி. சோனியா காந்தியுடையது வியு2எஸ்ஓஎன். இங்குள்ள அவர் நினைவகத்துக்கு வருகிறவர்கள் அவர் பிரதமராக இருந்ததை அறிவார்கள், விமானியாக இருந்ததையும் அறிவார்கள். அலைவரிசையில் யாரென்று தெரியாத ஒருவரோடு அழைப்புக் குறியை மட்டும் சொல்லிப் பேசிப்பழகியவர் என்பது பலருக்குத் தெரியாது. இந்த ஊருக்கு அதைவிடப் பழைய உறவும் ஒன்று இருக்கிறது. ஹாம்கள் பேச்சைத் தொடங்க அனுப்பும் அழைப்பு ‘சிக்யூ’. கேட்கிற எவரும் பதில் சொல்லலாம் என்று பொருள். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி, தனக்கு மட்டும் சொல்லப்பட்ட மந்திரத்தை ஊரறியச் சொன்னார் என்பது வைணவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. இந்த ஊரிலிருந்து சிக்யூ அனுப்பும்போது அந்தக் கோபுரம் நினைவுக்கு வராமல் போவதில்லை.

இனி இந்தச் சாலைக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் செய்யத் தொடங்கியது. நோக்கியாவின் செல்போன் தொழிற்சாலை 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் திறந்து, 2014 நவம்பர் 1 அன்று மூடியது. ஆயிரக்கணக்கான பேர், பெரும்பாலும் பெண்கள், கையில் பயிற்சியும் மனத்தில் கேள்வியுமாக வெளியே வந்தார்கள். பிறகு வேறு பெயர்களில் போன்கள் திரும்பி வந்தன. சுங்குவார்சத்திரம் பக்கம் பாக்ஸ்கான் தொழிற்சாலைக்குப் போகும் பஸ்களின் வரிசையைப் பார்த்தாலே தெரியும். ஒரகடத்தில் செல்போன் டவர்களுக்கான ரேடியோக் கருவிகளையே நோக்கியா செய்கிறது. ஒரு செல்போனுக்குள் டவரோடு பேச ஒன்று, வைஃபைக்கு ஒன்று, புளூடூத்துக்கு ஒன்று என்று பல ரேடியோக்கள் குடியிருக்கின்றன.

லைனில் நிற்பவருக்கு இது எதுவும் தெரிவதில்லை. அவர் முன் ஒரு பலகை வருகிறது. ஒரு திருகு, ஒரு ஸ்டிக்கர், ஒரு பரிசோதனை. பச்சை விளக்கு எரிந்தால் போர்டு நகரும். ஆய்வுப் பெட்டிக்குள் அது பேசியது, கேட்டது எல்லாம் கணினித் திரையில் ஒரே சொல்லாக முடிந்துவிடும். என் மாடிக்கு வந்த ஓர் இளைஞர், ஐடிஐ முடித்து இந்தப் பக்கத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்பவர், 807 எரிவதைப் பார்த்து முதலில் கேட்டது: “அண்ணா, இதுல ரேடியோ எங்க இருக்கு?” மிக நல்ல கேள்வி. அவருக்கு நான் காட்டியதையே இங்கே எழுதுகிறேன்.

அலுமினியத் தகட்டை மடித்துச் செய்த சேஸிஸ். அதன் ஒரு மூலையில், பழைய ரேடியோவிலிருந்து எடுத்த 300-0-300 டிரான்ஸ்பார்மர். 6.3 வோல்ட் சுற்று 807-இன் ஹீட்டருக்கு, அது 0.9 ஆம்பியர் இழுக்கும். உயர்வோல்ட்டை டயோடுகள் நேராக்குகின்றன. பக்கத்துக்கு இரண்டு 1என்4007-ஐத் தொடராகப் போடுவது நல்லது, ஒன்றே ஒன்று விளிம்பில் நின்று வேலை செய்யும். பிறகு ஒரு சோக், 450 வோல்ட் கண்டன்சர்கள், அவற்றுக்குக் குறுக்கே 47 கிலோ ஓம், பத்து வாட் ரெசிஸ்டர். இந்த ரெசிஸ்டர்தான் சேஸிஸில் மிக முக்கியமான பாகம். கரண்டை நிறுத்திய பிறகும் கண்டன்சரில் நானூறு வோல்ட் காத்திருக்கும். அதைச் சில வினாடிகளில் வடித்துவிடுவது இது. செல்போனின் நாலு வோல்ட்டில் பழகிய விரல்களுக்கு இந்தப் பாடத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அணைத்து, பத்து எண்ணி, கைப்பிடி போட்ட கம்பியால் கண்டன்சரைத் தரையோடு தொட்டு, அப்புறமே கை உள்ளே போகவேண்டும். இன்னொரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம், நானும் அப்படியே.

அலை பிறக்கும் இடம் ஒரு குவார்ட்ஸ் கிறிஸ்டல். 7.030 மெகாஹெர்ட்ஸ் என்று அதன் மேல் எழுதியிருக்கிறது. மின்சாரம் பட்டால் அந்தக் கல்துண்டு வினாடிக்கு எழுபது லட்சத்துக்கும் மேல் அதிரும், வேறு கணக்கில் அதிராது. ஒரே 807-இல் கிறிஸ்டலையும் அதிரவைத்து ஏரியலுக்கும் அனுப்பலாம், பழைய புத்தகங்களில் அப்படித்தான் இருக்கும். அந்தக் காலக் கிறிஸ்டல்கள் தடித்தவை. இன்று கிடைக்கும் பொடி கிறிஸ்டல் அந்த உதையில் சூடாகி நகர்ந்துவிடும், விரிசலும் விடும். அதனால் ஒரு சின்ன இஎல்84 வால்வைக் கிறிஸ்டலுக்கு வைத்து, 807-ஐப் பெருக்க மட்டும் விட்டிருக்கிறேன்.

807-க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நாம் கேட்காத மிக உயர்ந்த அலைவரிசையில், தன் சொந்தக் கம்பிகளையே காயிலாக்கிக்கொண்டு, ரகசியமாக ஆடும். மீட்டர் ஊசி காரணமில்லாமல் துள்ளினால் அதுதான். உச்சிக் குமிழுக்குப் போகும் கம்பியில் ஒரு சின்ன ரெசிஸ்டர், அதன் மேலேயே நாலைந்து சுற்றுத் தடித்த கம்பி சுற்றிவிட்டால் அடங்கும். வால்வைச் சேஸிஸுக்குள் கொஞ்சம் இறக்கி, கீழ்ப்பகுதியைத் தகட்டால் மறைப்பதும் இதற்குத்தான்.

பிளேட்டிலிருந்து வருவது பிவிசி குழாயில் சுற்றிய செம்புக் கம்பிக் காயிலுக்கும், பழைய ரேடியோவின் கேங் கண்டன்சருக்கும் போகிறது. இங்கேதான் அந்த இளைஞர் தேடிய ரேடியோ இருக்கிறது. 807 ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு கணம் மட்டும் மின்னோட்டத்தை விடுகிறது, மற்ற நேரம் சும்மா நிற்கிறது. ஊஞ்சலுக்குப் பின்னால் நிற்பவர் சரியான நொடியில் ஒரு தள்ளு தள்ளிவிட்டு ஒதுங்குவதுபோல. ஊஞ்சல் ஆடுவது காயிலும் கண்டன்சரும் சேர்ந்த சுற்றில். கேங்கின் குமிழை மெல்லத் திருப்பினால், எண்பது மில்லிஆம்பியரில் நின்ற பிளேட் ஊசி சட்டென்று கீழே இறங்கும். அந்த இறக்கத்தில் சுற்றும் கிறிஸ்டலும் ஒத்துப்போய்விட்டன. இன்னொரு குமிழால் ஏரியலின் சுமையை ஏற்ற, ஊசி மறுபடி கொஞ்சம் மேலேறும். இறக்கி, ஏற்றி, இறக்கி. கையால் உணர்ந்து செய்யும் வேலை இது. எந்தத் திரையும் ‘பாஸ்’ என்று சொல்லாது.

ஏரியலில் விடும் முன் விளக்கில் விட்டுப் பார்ப்பது மரபு. இதற்கு இந்த ஊர் ஒரு நல்ல பொருளைத் தருகிறது. ஒரகடத்தில் உருவாகும் லாரிகளின் மின்சாரம் 24 வோல்ட். அவற்றுக்கான 24 வோல்ட், 10 வாட் பல்பு முழுதாக எரியும்போது அதன் தடை 57 ஓம் சொச்சம். டிரான்ஸ்மிட்டர் எதிர்பார்க்கும் 50 ஓமுக்கு மிக அருகில். மோர்ஸ் கீயை அழுத்தினேன். பல்பு எரிந்தது. கம்பி எதுவும் பேட்டரிக்குப் போகவில்லை, 7.030 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே அதை எரிக்கிறது என்று சொன்னதும் அந்த இளைஞர் கீயை வாங்கித் தானே அழுத்திப் பார்த்தார். விளக்கு ஒவ்வொரு அழுத்தலுக்கும் எழுந்து அடங்கியது. 807-இன் கண்ணாடி உட்சுவரில் அப்போது மெல்லிய நீலம் படரும். அது நல்ல நீலம், தப்பிய எலக்ட்ரான்கள் கண்ணாடியில் மோதுவதால் வருவது. தகடுகளுக்கு நடுவே ஊதா மூட்டம் தெரிந்தால்தான் உள்ளே வாயு சேர்ந்துவிட்டது என்று பொருள்.

மாடியில் ஏரியல், ஒரு பக்கத்துக்குப் பத்து மீட்டராக இருபது மீட்டர் செம்புக் கம்பி. ஒரு முனை தண்ணீர்த் தொட்டிக் குழாயில், மறுமுனை பக்கத்துத் தென்னையில். வாங்குவதற்குச் சிற்றலை ரிசீவர் ஒன்று. பழைய ரேடியோவில் ‘41 மீட்டர்’ என்று எழுதிய இடத்தைத் தாண்டி முள்ளைக் கொஞ்சம் நகர்த்தினால் ஹாம்களின் இடம் வந்துவிடும். சிற்றலை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த இரைச்சல் பழக்கமானது.

ஆனால் இங்கே கேட்பது பேசுவதைவிடக் கடினம். வெல்டிங் ரோபோ, மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ், எல்இடி விளக்கு, செல்போன் சார்ஜர், தலைக்கு மேல் உயர் அழுத்த லைன் எல்லாம் சேர்ந்து 7 மெகாஹெர்ட்ஸில் ஓயாத இரைச்சலைக் கொட்டுகின்றன. ரேடியோ செய்யும் ஊரே ரேடியோ கேட்க மிகச் சிரமமான ஊராக இருக்கிறது. ஆயுத பூஜை நாளில் இயந்திரங்கள் சந்தனம் குங்குமத்தோடு ஓய்வெடுக்கும்போது இந்த இரைச்சல் குறையும். அன்றைக்குக் காலை நான் வேறு எதற்கும் ஒதுக்குவதில்லை. பகலில் 40 மீட்டர் அலை அயனி மண்டலத்தில் பட்டுத் தென்னிந்தியா முழுக்க இறங்கும்; எட்டு வாட்டில் பெங்களூர் தெளிவாகக் கேட்கும், கேரளமும் கேட்கும். இந்த வால்வின் முதல் பதில் பெங்களூரிலிருந்து வந்தது, மோர்ஸில், 559 என்று. வாசிக்க முழுதும் முடிகிறது, வலிமை மிதம், நாதம் சுத்தம் என்பது அதன் பொருள். நாதம் சுத்தம் என்ற அந்தக் கடைசி ஒன்பதில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்கப்போவதில்லை. சுமாரான வால்வு செட்டில் கீயை அழுத்தியதும் அலை வழுக்கி, குருவிச் சத்தம் போடும். இது போடவில்லை.

இதைப் பேரிடர் காலத்துக்கான கருவி என்று யாரும் நினைக்க வேண்டாம். 2004 டிசம்பரில் போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் என்ற ஹாமும் அவர் குழுவும் சுனாமி நேரத்தில் செய்தி அனுப்பிக் காத்தது பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் கருவிகளில். அந்த வேலைக்கு அதுவே சரி. ஐதராபாத்தின் அஷ்ஹர் பர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற சின்னக் கருவியை உலகெங்கும் பலர் கட்டுகிறார்கள்; எடையும் செலவும் குறைவு. 807-இன் வேலை வேறு. வானொலியின் ஒவ்வொரு படியையும் கண்ணுக்குத் தெரியும் அளவில், சூடாக, மெதுவாக, கை படும் தூரத்தில் நிறுத்திக் காட்டுவது.

அந்த இளைஞர் இப்போது லைசென்ஸ் தேர்வுக்குப் படிக்கிறார். வைத்திருப்பதற்கே லைசென்ஸ் வேண்டும் என்கிறது 1933-ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டம் கொண்டுவந்த முறை. அதனால் தேர்வு முதலில், சால்டரிங் அயர்ன் பிறகு என்று சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட யாரும் எழுதலாம். முதல் நிலைக்கு மோர்ஸ் தேவையில்லை என்றாலும் அவர் ஷிப்டு பஸ்ஸில் காதில் இயர்போன் மாட்டி மோர்ஸ்தான் கேட்டுக்கொண்டு போகிறார். அவருடைய முதல் கருவிக்கு 807 வேண்டாம். நானூறு வோல்ட் கொஞ்சம் காத்திருக்கலாம். பாரத் எலக்ட்ரானிக்ஸ் என்று அச்சடித்த இஎல்84 ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். 250 வோல்ட்டில் இரண்டு மூன்று வாட் தரும். கெட்டர் இன்னும் பளபளக்கிறது. 7.030 கிறிஸ்டலும் கையில் ஒன்று கூடுதலாக இருக்கிறது.